சோபாஜ் மேல் ஒரு மண்ணிறப் போத்தல்

1

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் நம்பமாட்டீர்கள், தேங்காயெண்ணெய் உறையும். கல்லுப் போல உறையும். பாரிசில் எங்களின் முதல் குளிர்காலத்தில் என் மனுசன், தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் வாங்கிய எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. கடைக்காரன் மெழுகை ஊற்றி ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குக் கிளம்பினார். கடைக்காரர் போத்தலை வாங்கித் தனக்குப் பின்னாலிருந்த சோபாஜ் மேல் வைத்தார். சோபாஜ் என்றால் சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்புச் சூடாக்கி. உள்ளே சுடுதண்ணி ஓடும். இந்த நாட்டில் அநேகமாக எல்லா வீட்டிலும் யன்னலுக்குக் கீழே ஒன்று இருக்கும். மனுசன் ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் எண்ணெய் உருகத் தொடங்கிவிட்டது. அன்றைக்குப் படித்ததை அவர் இன்றுவரை மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

குளிர்காலத்தில் இஞ்சை எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் பாருங்கள், சோபாஜ் மேல் ஒரு தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருக்கும். பக்கத்தில் காயப்போட்ட காலுறை இருக்கும். பிரெஞ்சுக்காரர் அந்த இடத்தில் பூனையைப் படுக்க விடுவார்கள். எங்களுக்கு எண்ணெய்தான் பூனை.

இதை இப்போது எழுதக் காரணம், நேற்று மகள் தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்வி. அதற்கு நான் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். பொய்க்கு முன்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2

மனுசனின் பெயர் தவராசா. கார் து நோர் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல். வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடாத மனுசன், வெள்ளிக்கிழமையும் மாட்டிறைச்சியைப் பதம் பார்த்து இறக்குவார். வாயில் வைக்காமல், விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். இறைச்சியை இரத்தத்தோடு கேட்கிறவனுக்கும் கருகக் கேட்கிறவனுக்கும் அந்த விரல்கள் இதுவரை பிழை விட்டதில்லை. பிரெஞ்சு மொழியில்தான் மனுசன் பிழை விடுவார். அதற்கு விரல் பொறுப்பில்லை.

நான் லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் காசு வாங்கும் இடத்தில் இருக்கிறேன். வீடு பாரிசுக்கு வெளியே, லா கூர்னெவ்வில். ஒரே மகள் ஆரணி. இரசாயனம் படித்துக்கொண்டே, வாசனை எண்ணெய்களைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வுகூடத்தில் பயிற்சி வேலையும் செய்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ். அதனால் அவளுடைய தமிழைக் கேட்க எங்களுக்குப் பெரிய ஆவலில்லை.

முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு சால்வையும் தகப்பனுக்கு ஒரு சின்ன மண்ணிறப் போத்தலும் வாங்கி வந்தாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் மருந்தும் எலுமிச்சம் புளியும் குளிரும் சேர்ந்து அவருடைய கைத்தோலை வெடிக்க வைத்திருந்தன. அதற்குத்தான் அந்த எண்ணெய். ரீ ட்ரீ ஒயில் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழில் தேயிலை மர எண்ணெய் என்கிறார்கள்.

"தேயிலையே? அப்ப எங்கடை நாட்டுச் சாமான்" என்று மனுசன் நெஞ்சை நிமிர்த்தினார்.

மகள் பொறுமையாகப் பிரெஞ்சில் விளக்கினாள். தேயிலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒஸ்திரேலியாவில் வளரும் மரம். கொய்யாவும் நாவலும் இதற்குச் சொந்தக்காரர். இலையை ஆவியில் வடித்து எண்ணெய் எடுப்பார்கள். வெறும் கையில் பூசக்கூடாது, ஒன்றிரண்டு சொட்டைத் தேங்காயெண்ணெயில் கலக்க வேண்டும். மூடியை இறுக்க வேண்டும். வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் பிரெஞ்சில், அதுவும் இந்தப் பிள்ளைகள் பேசுகிற ஓட்டப் பிரெஞ்சில். மனுசன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவருக்குப் பிடிபட்டது தேங்காயெண்ணெய் என்ற சொல் ஒன்றுதான்.

3

அடுத்து நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு இரசாயனம் வரப்போகிறது.

முதலாவது, அந்தப் போத்தலின் வாயில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் அடைப்பு இருந்தது. கவிழ்த்தால் எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். மனுசனுக்கு அது பிடிக்கவில்லை. "பிள்ளை ஆசையா வாங்கித் தந்தது, இந்தப் போத்தல் கண்மருந்து மாதிரி விடுது" என்று கத்தி நுனியால் அடைப்பைக் கிளப்பி எறிந்துவிட்டார். இரண்டாவது, மூடியை அரைவாசிதான் திருகுவார். எண்ணெய்க் கையால் இறுக்கினால் பிறகு திறக்க வராதாம். மூன்றாவது, வைத்த இடம். எந்த இடம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். யன்னலுக்குக் கீழே, சோபாஜ் மேலே, தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில்.

"அது உறையாது, அலுமாரிக்குள்ளை வையுங்கோ" என்றேன். மகள் சொன்னதில் அரைவாசியாவது எனக்கு விளங்கியிருந்தது.

"நீர் சும்மா இரும். எண்ணெய் எண்டால் எண்ணெய்தான். குளிருமெல்லே."

குளிர் முழுக்க அது அங்கேயே இருந்தது. யன்னல் வெயில், சோபாஜ் சூடு, அரைவாசி திறந்த மூடி. வேலையால் வந்து, கை கழுவி, அந்த எண்ணெயைக் குழைத்துப் பூசிக்கொண்டு இருப்பார். அதன் மணம் யூக்கலிப்ரஸ் தைலத்துக்கும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கும் இடைப்பட்டது. யார் வீட்டுக்கு வந்தாலும் கையை மூக்குக்குக் கிட்ட நீட்டி, "பிள்ளையின்ரை முதல் சம்பளம்" என்பார். வந்தவர்கள் மணந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

4

முதலில் கை சுகமாகிக்கொண்டுதான் வந்தது. பிறகு அரித்துக் கடித்தது. பிறகு சிவந்தது. பிறகு விரல் இடுக்கில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் போட்டு உடைந்து நீர் வடிந்தது. இவர் என்ன செய்தார்? எண்ணெயைக் கூட்டினார். கலந்து பூசியது போய் வெறும் எண்ணெயையே பூசத் தொடங்கினார்.

"எரியுதெண்டால் வேலை செய்யுது எண்டு அர்த்தம்."

இது எங்கள் சனத்தின் மருத்துவ அறிவு. மருந்து கசக்க வேண்டும், தைலம் எரிய வேண்டும், ஊசி நோக வேண்டும். நோகாமல் சுகமாக்கிற டொக்டரிடம் எங்கள் ஆட்கள் இரண்டாம் முறை போகமாட்டார்கள்.

உணவகத்தில் கையுறை போட்டு மறைத்துப் பார்த்தார். தலைமைச் சமையல்காரர் ஒருநாள் கையுறையைக் கழற்றச் சொன்னார். அடுத்த கிழமை, தொழிலாளரைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. இந்த நாட்டில் உங்கள் நோயைப் பார்க்க ஒரு டொக்டர், நோயோடு நீங்கள் வேலை செய்யலாமா என்று பார்க்க வேறொரு டொக்டர். இரண்டாமவர் மருந்து எழுதமாட்டார். ஒரு சொல்தான் எழுதுவார். 'அப்த்' என்று எழுதினால் வேலைக்குத் தகுதி. 'இனப்த்' என்று எழுதினால் தகுதியில்லை.

அவர் இரண்டையும் எழுதவில்லை. ஒவ்வாமை டொக்டரைப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள், அதுவரை ஓய்வு என்று அனுப்பிவிட்டார்.

ஐம்பது தாண்டிய மனுசன். பாரிசுக்கு வந்த நாளிலிருந்து அடுப்படியைத் தவிர வேறு வேலை தெரியாது. அந்தத் தாளில் இனப்த் என்று விழுந்தால் அந்த விரல்களை யாரும் திரும்ப வேலைக்கு எடுக்கப்போவதில்லை. வீட்டிலிருந்த நாட்களில் அவர் என் சமையலை விரலால் அழுத்திப் பார்க்கத் தொடங்கினார். இட்டலியைக்கூட விடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, குளியலறைக்குப் போனால் அழுகையும் வந்தது.

5

ஒவ்வாமை டொக்டரிடம் நாள் எடுப்பதைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதலாம். எழுதி முடிக்கும்போதும் நாள் கிடைத்திருக்காது. ஒருவழியாகக் கிடைத்தது. கையில் படுகிற எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

மனுசன் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். பாத்திரம் கழுவும் மருந்து, உணவகத்துக் கையுறை, சவர்க்காரம், வெங்காயம், உள்ளி, எங்கள் மிளகாய்த்தூள். டொக்டர் ஒரு அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். மிளகாய்த்தூளை மணந்துவிட்டு நெடுநேரம் தும்மினார்.

"வேறு ஏதாவது பூசுகிறீர்களா? எண்ணெய், கிறீம், வீட்டு மருந்து?"

"ரியான், மதாம்" என்றார் மனுசன். ஒன்றுமில்லை என்று பொருள். மேசைக்குக் கீழே அவருடைய முழங்கால் என் முழங்காலை அழுத்தியது.

முதுகு முழுக்கச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் வைத்த ஒட்டுத்துணிகளை ஒட்டிவிட்டார்கள். கழற்றும்வரை குளிக்கக்கூடாது, வியர்க்கக்கூடாது, உரசக்கூடாது. வீடு திரும்பும்போது ரயில் நெரிசலில் ஒருவன் மேல் சாய்ந்தான். "என் முதுகு வேலையில் இருக்கிறது" என்று மனுசன் பிரெஞ்சில் சொன்னார். அந்த ஆள் அடுத்த தரிப்பிடத்தில் பெட்டி மாறிப் போய்விட்டான்.

ரயிலால் இறங்கி வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் அந்தப் போத்தலைக் காட்டேல்லை?"

"பிள்ளை தந்ததை டொக்டருக்கு முன்னாலை குற்றவாளி மாதிரி வைக்கிறதே?"

"அதிலைதான் பிழையெண்டால்?"

"அதிலை பிழையெண்டு தெரிஞ்சால் அவள் என்ன நினைப்பாள்? படிக்கிற பிள்ளை. அந்த வேலையையே வெறுத்துப்போடுவாள்."

முடிவு வந்தபோது முதுகில் ஒன்றும் எழும்பியிருக்கவில்லை. வெங்காயமும் குற்றமில்லை, கையுறையும் குற்றமில்லை. டொக்டர் அம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அப்படியானால் சமையல் வேலைதான் இந்தக் கையைத் தின்கிறது, வேறு தொழில் யோசியுங்கள் என்றார். அதையே தொழில் டொக்டருக்கும் எழுதப்போகிறாராம். மனுசன், "மெர்சி, மதாம்" என்று நன்றி சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் நாடு திரும்பும் அளவுக்கு நடந்திருப்பேன்.

6

அன்று பின்னேரம் மகள் வந்ததும் அந்தப் போத்தலைச் சோபாஜ் மேலிருந்து எடுத்து அவளுடைய கையில் வைத்தேன். தகப்பன் கீழே குப்பை போடப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவள் போத்தல் சுடுவதைப் பார்த்தாள். அடைப்பில்லாத வாயைப் பார்த்தாள். மணந்து பார்த்தாள். முகம் வாடிப்போய்விட்டது. பிரெஞ்சில் மெதுவாக, "நான்தான் அப்பாவின் கையைப் பழுதாக்கினேன்" என்றாள். பிறகு போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

சில நாள் கழித்து இரண்டு தாளோடு வந்தாள். ஆய்வுகூடத்தில் அனுமதி கேட்டு, எங்கள் எண்ணெயையும் அதே வகையில் புதுப் போத்தல் ஒன்றையும் யந்திரத்தில் விட்டுப் பார்த்திருக்கிறாள். தாளில் கோடு கோடாக எழும்பி நின்றது.

முதலில் புது எண்ணெயின் தாள். ஒரு எண்ணெய் என்று நாங்கள் நினைக்கிறோமே, உள்ளே நூறு பேர் அளவில் குடியிருக்கிறார்களாம். பெரிய ஆள் டெர்பினென்-4-ஓல். நூற்றுக்கு நாற்பது பங்கு அளவில் அவர்தான். கிருமியை அடிக்கிறவரும் முக்கியமாக அவரே. அடுத்தவர் காமா-டெர்பினீன், ஐந்தில் ஒரு பங்கு. அவருடைய தம்பி அல்பா-டெர்பினீன், பத்தில் ஒரு பங்கு. யூக்கலிப்ரஸ் மணம் தருகிற சினியோல் ஒரு மூலையில், கொஞ்சம். பாரா-சைமீன் என்று ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்ற அளவில்.

எங்கள் தாளில் பெரிய ஆள் அப்படியேதான் நின்றார். தம்பியை அநேகமாகக் காணவில்லை. தமையன் இளைத்துப்போயிருந்தார். மூலையில் கிடந்த பாரா-சைமீன் மலையாக எழும்பி நின்றது.

காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் அல்பா-டெர்பினீன் தாங்காது என்றாள் மகள். ஐதரசனை இழந்து பாரா-சைமீனாகிவிடும். அந்தப் பழுதாகும் பாதையில் பெரொட்சைட்டு, அஸ்கரிடோல் என்று சிலதும் உருவாகும். அவை இந்த யந்திரத்தில் ஒழுங்காகப் பிடிபடாது. ஆனால் பாரா-சைமீன் இவ்வளவு எழும்பியிருந்தால் அவையும் வந்து போயிருக்கின்றன என்று அர்த்தம். தோலைக் கடிப்பவை அவைதான்.

தாளின் ஓரத்தில் அவள் பாரா-சைமீனைக் கீறிக் காட்டினாள். அறுகோணம், உள்ளே ஒரு வட்டம்.

"பென்சீன் வளையம்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உனக்கு இது எப்படித் தெரியும் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"நான் அதிலைதான் பெயில் விட்டனான்."

உண்மை. யாழ்ப்பாணத்தில் ஒரு கிடுகுக் கொட்டில் டியூட்டரியில் நாங்கள் நாற்பது பேர் நெருக்கிக்கொண்டு இரசாயனம் படித்தோம். கரண்ட் இல்லாத காலம். உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தைப் போட்டு உரஞ்சிய காலம். படிப்பித்த சேர் பென்சீன் வளையத்தைக் கீறும்போது ஷெல் சத்தம் கேட்கும், பங்கருக்குள் ஓடுவோம். திரும்பி வந்தால் வளையம் பலகையில் அப்படியே இருக்கும். "பாத்தியளே, இதுதான் ஸ்ரேபிள். எது வந்தாலும் அசையாது" என்பார். சோதனையில் அந்தக் கேள்வி வரவில்லை. வந்திருந்தாலும் நான் பெயில்தான். ஆனால் வளையமானால் ஆறுதலாக இருந்துவிடும் என்பது மட்டும் மண்டையில் நின்றுவிட்டது. அல்பா-டெர்பினீன் ஏன் அந்தப் பக்கம் ஓடியது என்று எனக்கு உடனே விளங்கியது.

கதவடியில் மனுசன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. மகள் எழும்பினாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

அவர் தாள்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்றைத்தான் கேட்டார்.

"பிள்ளை வாங்கேக்கை அது நல்லாத்தானே இருந்தது?"

"உவி, பப்பா" என்று அவள் ஓம் போட்டாள்.

"சோபாஜிலை வைச்சதாலைதான் பழுதாப் போச்சு?"

"உவி."

"அப்ப பிழை என்ரை" என்றார். லொத்தரில் பரிசு விழுந்தவனின் முகத்தில்கூட அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டதில்லை. "இஞ்சாரும், கேட்டீரே? பிள்ளை தந்ததிலை ஒரு பிழையும் இல்லை. நான் வைச்ச இடம்தான் பிழை."

மகள் கோபத்தில் தமிழுக்கு மாறினாள். "அப்பா, உங்களுக்கு விசரே? டொக்டருக்கு ஏன் சொல்லேல்லை? வேலை போயிருக்குமெல்லோ!"

திட்டு வாங்கிக்கொண்டே மனுசன் சிரித்துக்கொண்டு நின்றார்.

7

இந்தக் கதையைக் கடையில் சொன்னது என் பிழை. முதலாளி குணம் அண்ணை, தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் ஒலிவாங்கியை விடாத மனிதர். கேட்டுவிட்டு அரிசி மூட்டையில் சாய்ந்தபடி கண்ணை மூடினார்.

"தங்கச்சி, யோசிச்சுப் பார். நாங்களும் அப்பிடித்தான். போத்தலிலை பேர் அதேதான். அந்நிய நாட்டுக் காத்துப் பட்டு உள்ளுக்கு இருக்கிறது மாறிப்போச்சு."

"அண்ணை, மாறினது கடிக்கும் எண்டு மகள் சொன்னவள். நீங்கள் ஆரைக் கடிக்கிறியள்?"

அவர் கண்ணைத் திறந்தார். இந்த உவமையை வரும் ஞாயிற்றுக்கிழமை எப்படியும் எங்கேயோ பேசிவிடுவார். கேட்கிறவர்கள் கைதட்டுவார்கள். என் வீட்டில் ஒரு மனுசனின் கை போகப் பார்த்தது, இவருக்கு அதில் ஒரு பேச்சுக் கிடைத்தது. அதற்குப் பிறகு கடைக்கு ரீ ட்ரீ ஒயில் கேட்டு வருகிற எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். மூடியை இறுக்குங்கோ, இருட்டிலை வையுங்கோ, கனகாலம் வைக்காதையுங்கோ, எரிஞ்சால் நிப்பாட்டுங்கோ. குணம் அண்ணைக்கு நான் வியாபாரத்தைக் கெடுப்பதாக மனவருத்தம்.

8

அடுத்த முறை டொக்டர் அம்மாவிடம் மகளும் வந்தாள். போத்தலையும் தாள்களையும் மேசையில் வைத்தாள். டொக்டர் மனுசனைப் பார்த்த பார்வையை நான் மொழிபெயர்க்கமாட்டேன். பழுதான எண்ணெயை வேறொன்றில் கலந்து ஐதாக்கி முதுகில் வைத்தார்கள். திரும்பப் போனபோது அந்த ஒரு இடம் மட்டும் சிவந்து, கொப்புளம் போட்டு, சதுரமாக எழும்பி நின்றது. தேடியது கிடைத்த சந்தோசத்தில் டொக்டர் அம்மா படம்கூட எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை பழகிய வெறுப்பைத் தோல் மறக்காதாம். இனிச் சாகும்வரை சம்பூ, சவர்க்காரம், பற்பசை எதிலும் அந்த எண்ணெய் இருக்கக்கூடாது. பூசுவதை நிறுத்தியதும் கை மெல்ல மெல்ல ஆறியது. தொழில் டொக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கையுறைக்குள் பருத்தி உறை போடச் சொல்லி, அப்த் என்று எழுதினார். மனுசன் அன்றைக்கே உணவகத்துக்குப் போய், வேலை நேரமில்லாத நேரத்தில், ஒரு இறைச்சித் துண்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆரணிக்குத் தெற்கே, வாசனைத் திரவியம் செய்கிற ஊரில் வேலை கிடைத்தது. போகும்போது தகப்பனுக்கு ஒரு கிறீம் வாங்கித் தந்தாள். மருந்துக்கடைச் சாமான், வெள்ளை, மணமில்லை. "மணமில்லாத சாமானை எப்பிடி நம்புறது?" என்று மனுசன் முணுமுணுத்தார். ஆனால் ஒரு நாளும் பூசாமல் படுத்ததில்லை. இந்த முறை அவள் எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி. மூடியை இறுக்க வேணும். குளிரான இடம். சோபாஜ் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது. தகப்பன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இந்த முறை அவருக்கு எல்லாமே விளங்கியது.

நேற்று அவள் தொலைபேசி எடுத்தாள். அவளும் களைப்பு, நானும் களைப்பு. அங்கே இன்னும் குளிர் இல்லையாம். இஞ்சை சோபாஜ் சூடாகத் தொடங்கிவிட்டது என்றேன்.

"அம்மா, அப்பா அந்தக் கிறீமை எங்கை வைச்சிருக்கிறார்?"

நான் யன்னல் பக்கம் பார்த்தேன்.

"குளியலறை அலுமாரிக்குள்ளை" என்றேன். "மூடி இறுக்கித்தான் வைச்சிருக்கிறார்."

தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்திலிருந்து கிறீமை எடுத்து, சூடு ஏறிவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார் மனுசன்.

"பிள்ளை என்னவாம்?"

"நீங்கள் சுகமோ எண்டு கேக்கிறாள்."

"சுகம் எண்டு சொல்லும்" என்றார்.